மூச்சுக் காற்றில் ஒட்டும் தங்கம்

இந்தக் கன்றுத்தோல் ஏடு இடைக்கால ஐரோப்பிய மடத்திலிருந்து வந்ததல்ல. அக்காலச் சித்திரச் சுவடிகளின் முறையைப் பொழுதுபோக்காகப் பயில்கிற ஒருவர் நம் காலத்தில் தீட்டியது.

பெரிய முதலெழுத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தங்கம் புடைத்து நிற்பது தெரியும். தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது ஜெஸ்ஸோ என்னும் மெத்துப் பூச்சு. 1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி இதன் பக்குவத்தை எழுதிவைத்தார்: நைசாக அரைத்த ஜிப்சம், அதைவிடக் குறைவாக ஈய வெள்ளை, அதைவிடவும் குறைவாகக் கற்கண்டு, பசைக்கு முட்டையின் வெள்ளைக்கரு. இன்று பலர் மீன் பசை சேர்க்கிறார்கள். கற்கண்டுதான் சூட்சுமம். காய்ந்த பூச்சின் மேல் சிறு குழாய் வழியே ஊதினால், மூச்சின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும்; பூச்சு பிசுபிசுக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் ரேக்கை வைத்து அழுத்தி, பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகக் குறைந்த நாளில் ஒட்டவைப்பது கடினம்.

இந்தக் கைப்பழக்கத்துக்கு மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர் எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன். அவருடைய கையேடு 1906இல் லண்டனில் வெளிவந்தது. இடைக்கால வாழ்வை மீட்டுருவாக்கிப் பார்க்க 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ அமைப்பின் உறுப்பினர்கள், தங்கள் விருதுப் பட்டயங்களை இன்றும் கையால் தீட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் பழையபடியே செய்வது புத்திசாலித்தனம் அல்ல. அன்றைய சில மஞ்சள்களில் ஆர்சனிக், சில சிவப்புகளில் பாதரசம். இந்த ஏட்டில் ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை சேர்த்திருக்கிறது.