மூச்சின் அளவு

எழுத்துப் பிறப்புக் கூறவந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்னுமிடங்களில் நிலைபெறுதலை உரைத்தார். அதன் அளவை உரைத்தாரில்லை. 1846-ஆம் ஆண்டில் ஜான் ஹட்சின்ஸன் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிற் கவிழ்த்த கலத்தினுள் ஊதச்செய்து அதனை அளந்து வெளியிட்டார்.

நாம் இயல்பாக ஒருமுறை இழுப்பது ஏறத்தாழ 500 மில்லி லிட்டர். நிறைய இழுத்து முற்றும் விடுவதோ ஆடவர்க்கு 3 முதல் 5 லிட்டர் வரை. இதுவே உயிர்ப்புக் கொள்ளளவு. எத்துணை முயன்று ஊதினும் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகக் காற்று உள்ளே எஞ்சும்.

பஞ்சாலைகள் மலிந்த நம் தேனி வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. பஞ்சுத்தூசியில் உழைப்போர் சிலர்க்கு, ஞாயிறு ஓய்ந்து திங்களன்று மீளுங்கால் நெஞ்சு இறுகும்; முதல் வினாடியில் ஊதும் காற்று மாலைக்குள் குறையும். பல்லாண்டு கடப்பின் அவ்விழப்பு மீளாது போதலும் உண்டு. ஆதலின் தொழிலாளரைச் சேரும்பொழுதும் பின்னர் ஆண்டுதோறும் ஊதச்செய்து குறித்துவைத்தல் வேண்டுமென்பதே எம் கருத்து.