நடுவில் இல்லாத வீதி

தேசப்படத்தில் ஒரு வீதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் தொடரலாம் என்பது நம் மாணவருட் பலரின் எண்ணம். கலிபோர்னியாவின் 169ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அவ்விரல் தடுமாறும். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிளமத் ஆற்றின் முகத்துக்கு அண்மையில், சுமார் 3½ மைல் ஓடி அது நின்றுவிடுகின்றது. ஆற்றின் மேற்புறத்தே வாற்றெக் என்னும் சிற்றூரில் மீண்டும் தோன்றி, 20 மைல் அளவு மலைச்சரிவைப் பற்றிச் சென்று வீச்பெக்கை அடைகின்றது. அங்கே பல இடங்களில் ஒரு வண்டிக்கே இடமுண்டு. எதிரே மற்றொன்று வந்தால் யாரேனும் பின்வாங்கத்தான் வேண்டும்! இடைநடுவில் ஆறுண்டு, காடுண்டு, நெடுஞ்சாலை இல்லை.

இஃது யூறொக் என்னும் ஆதிக்குடியினரின் நிலம். ஆற்றின் இருகரையிலும் ஒவ்வொரு மைல் அகலமே அவர்தம் ஒதுக்கு நிலம். கிழக்கு, மேற்கு என நாம் சொல்லுமிடத்து அவர்தம் மொழி ஆற்றின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்றே திசை காட்டும். றெட்வூட் மரத்தைக் குடைந்த ஓடமே பண்டை வாகனம். இன்றோ குலச்சபையின் தலைமைப் பணிமனை கீழ்முனையிலுள்ள கிளமத்தில் இருக்கின்றது. வாற்றெக் வாசி அங்கே காரிற் செல்வதாயின், முதலில் எதிர்த்திசையிற் புறப்பட்டு, மலைகளைச் சுற்றிக் கடற்கரைப் பெருஞ்சாலையை அடைதல் வேண்டும்.

ஆறும் எப்பொழுதும் சாதுவன்று. 1964 டிசெம்பர் வெள்ளம் கிளமத் ஊரை அழித்து, கரடிச் சிலைகள் காவல் நின்ற பாலத்தையும் உடைத்தது. பின்னாளில் மேலாற்றின் அணைகளுள் நான்கு அகற்றப்பட்டன. அவ்வேலை 2024இல் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே சமன் மீன்கள் ஓறிகன் மாநிலம் வரை ஏறிவிட்டன.