சுட்டுவதும் சொல்வதும்

கணிப்பொறியிடம் வேலை வாங்க இரு வழிகள் உண்டு. திரையில் தெரியும் படங்களைச் சுட்டியால் தொட்டுக் காட்டுவது ஒன்று; வேண்டியதைக் கட்டளையாகத் தட்டச்சு செய்வது மற்றொன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் தமிழறியாத பயணி தட்டைச் சுட்டிக்காட்டி வாங்குகிறார். நம்மவரோ, "ஒரு கிலோ வேணும்ணே, நாலு கால் கிலோவாக் கட்டிருங்க" என்கிறார். சுட்டுபவருக்குக் கண்முன் இருப்பது கிட்டும். சொல்லத் தெரிந்தவருக்கோ வேண்டியபடியே கிட்டும்.

கட்டளை முறை பழையது. ஆனால் பயனற்றுப் போனதன்று. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். டக் மெக்கில்ராயின் கருத்துப்படி 1973-இல் அதில் 'பைப்' எனும் குழாய் முறை சேர்ந்தது. ஒரு கட்டளையின் விடை, குழாய் வழியே அடுத்த கட்டளைக்குப் போய்ச் சேரும்.

இராஜபாளையத்தாருக்கு இது புதிதன்று. மில்லில் கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என ஒவ்வோர் எந்திரமும் தன் வேலையை மட்டும் செய்து அடுத்ததற்கு அனுப்புகிறது. பஞ்சு நூலாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றுள் ஆண்டாளின் திருப்பாவையும் உண்டு. 'ம்பாவாய்' உள்ள வரிகளை எண்ணுமாறு 'கிரெப்' கட்டளையிடம் சொன்னால், பாடலுக்கு ஒன்றாக 30 என விடை வரும். 'பாவாய்' என்று மட்டும் சொன்னால் தோழியை விளிக்கும் இடங்களும் சேர்ந்து கணக்குக் கூடிவிடும். நாம் சொல்வதையே கணிப்பொறி செய்யும். ஆகவே தெளிவாகச் சொல்லப் பழகுகிறோம்.

எந்தச் சொல் மிகுதியாக வருகிறது என்று அறிய வேண்டுமா? 'டிஆர்' வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கும், 'சார்ட்' வரிசைப்படுத்தும், 'யூனிக்' ஒத்தவற்றை எண்ணும், மீண்டும் 'சார்ட்' எண்ணிக்கைப்படி அடுக்கும். வரிசைப்படுத்தாமல் 'யூனிக்'கிடம் கொடுத்தால் கணக்குத் தவறும். கார்டிங் ஆகாத பஞ்சை ஸ்பின்னிங்கில் ஏற்ற முடியுமா?

ஒரு கோப்புக்குச் சுட்டியே போதும். நூறு கோப்புகளுக்கு நூறு முறை சொடுக்க வேண்டும். கட்டளையோ ஒரே வரி. அதை எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு மாணவரும் பயன்படுத்தலாம். சொடுக்கியதை எழுதி வைப்பது கடினம்.

குறைகளும் உண்டு. படம் வரையச் சுட்டியே சிறந்தது. 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்கும் போகாது. ஆகவே கவனம் தேவை.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். புதிய கணிப்பொறி வாங்க வசதியில்லை. ஆங்கிலம் என்றால் அச்சம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் இன்று விலையின்றிக் கிடைக்கிறது. கட்டளைத் திரைக்கு மிகக் குறைந்த நினைவகமே போதும். பழைய கணிப்பொறியும் உழைக்கும். கற்க வேண்டியவையோ முதலில் இருபது சிறு சொற்கள். தமிழ்வழியில் படித்தவருக்கும் அவை எட்டாக் கனியல்ல. கருந்திரையைக் கண்டு ஒதுங்காதீர், நண்பர்களே! நாளொன்றுக்கு ஒரு கட்டளை கற்போம்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்