இறுகிய ஜெட்டும் இளகிய கையும்



பல மாதங்களாக முற்றத்தில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளைக் கணவரோ மகனோ திடீரென ஸ்டார்ட் செய்ய முனைவார். எவ்வளவு உதைத்தாலும் பயனிராது. காபரேட்டரில் தேங்கிய பெற்றோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் ஜெட்டின் துளையை அடைத்திருக்கும். அதன் புரியையும் இறுக்கியிருக்கும்.

ஜெட் பித்தளையாலானது, மென்மையானது. பொருந்தாத ஸ்குரூட்ரைவரால் பலவந்தமாகத் திருப்பினால் தலை சிதைந்துவிடும். பிறகு காபரேட்டரையே இழக்க நேரிடலாம். அவசரப்படுபவரை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பெற்றோலை முற்றாக வடித்து, மிதவையையும் றப்பர் பாகங்களையும் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை ஜெட்டில் விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வெளியே வைத்த கொதிநீரில் காபரேட்டரைச் சில நிமிடம் அமிழ்த்துங்கள். அலுமினியம், நாகக் கலவை உடல்கள் பித்தளையைவிடச் சற்று அதிகமாக விரியும், பிடி தளரும். சூடு ஆறுமுன் துணியால் பிடித்து, பள்ளத்தில் முழுமையாகப் பொருந்தும் ஸ்குரூட்ரைவரை அழுத்தி, இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். அசையவில்லையா? மீண்டும் ஊறவிடுங்கள். தலை ஏற்கனவே சிதைந்திருந்தால் கராஜ் பாஸிடம் ஒப்படையுங்கள்.

கழன்ற ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெருத்தால் பெற்றோல் வீணாகும். தூண்டில் நைலோன் நூலே போதும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள்: இவ்வேலைக்கு அடுப்படி இடமல்ல. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, தூரத்து நெருப்பையும் எட்டும். பயன்படுத்திய பாத்திரமும் இனிச் சமையலுக்கு ஆகாது. ஜெட் போனால் வேறொன்று வாங்கலாம், வீடு போனால்?