சல்லடை இல்லாத மில்

மா அரைக்க வாளியோடு மில்லுக்குப் போய், "இண்டைக்கு ஏலாது, சல்லடை கிழிஞ்சு போச்சு" என்ற பதிலோடு திரும்பி வந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. புதுத் தகடு பட்டணத்திலிருந்து வரும்வரை உரலும் உலக்கையும்தான். அந்தப் பாடு யாருடைய தோளில் விழும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சல்லடையையே ஒருவர் தமது பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். எமி ஸ்மித் என்ற அந்தப் பெண்மணி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1984 இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். பின்னர் ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் தொண்டராகச் சேவை செய்தார். அங்கே ஆசிரியையாக இருந்தார், தேனீ வளர்ப்பையும் கவனித்தார். தானியத்தை மாவாக்கக் கிராமத்துப் பெண்கள் படும் சிரமத்தை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. மேற்படிப்புக்காகப் பழைய பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுபோனார்.

சுத்தியல் மில்லில், வேகமாகச் சுழலும் இரும்புத் துண்டுகள் தானியத்தை அடித்து நொறுக்குகின்றன. பொடியானது சல்லடைத் தகட்டின் துளைகளால் வெளியே வரும். குறுணி உள்ளேயே நின்று மீண்டும் அடிபடும். தேய்வதும் கிழிவதும் இந்தத் தகடுதான். அத்தனை நுண்ணிய துளைகளை ஊர்க் கொல்லன் போட முடியாது. ஆகவே ஒரு தகட்டுக்காக முழு மில்லும் முடங்கிவிடுகிறது.

எமி ஸ்மித் சல்லடையையே எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் காற்றை வேலைக்கு வைத்தார். மில்லுக்குள் ஓடும் காற்று இலேசான மாவை அள்ளிக்கொண்டு வெளியேறும். பாரமான குறுணி பின்தங்கி மறுபடி அடிபடும். களத்தில் நெல் தூற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை! ஊர்ப் பட்டறையிலேயே செய்யவும் திருத்தவும் கூடியதாக இருக்கவேண்டும் என்பதுதான் இந்த வடிவமைப்பின் முதல் நிபந்தனை. கண்டுபிடிப்பாளரான மாணவர்களுக்கு வழங்கப்பட்டுவந்த லெமல்சன் பரிசு 2000 ஆம் ஆண்டில் இவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் இவரே.

பொறியியல் என்றால் கணக்கும் படமும் மட்டுமே என்று எண்ணும் பெற்றோர் எம்மிடையே உண்டு. கணக்கு வேண்டும்தான், அது இல்லாமல் காற்றின் வேகத்தை அளக்க முடியாது. ஆனால் இடம்பெயர்ந்து இருக்கும் குடிலில், சைக்கிள் ரியூப்பை வெட்டி நீர்ப்பம்பிக்கு வாசர் போடும் பிள்ளையைப் பார்த்து "படிப்பை விட்டுவிட்டுக் கையை ஊத்தையாக்குகிறான்" என்று ஏசுகிறோமே, அது சரிதானா? அந்தப் பிள்ளை செய்வதும் இதே படிப்பின் ஒரு பகுதிதான்.

2002 இல் எமி ஸ்மித் அதே பல்கலைக்கழகத்தில் 'டி-லாப்' என்ற கற்கைநெறியைத் தொடங்கினார். மாணவர்கள் வகுப்பில் ஒரு பொருளை வடிவமைப்பார்கள், பட்டறையில் செய்வார்கள், பின்னர் கிராமத்துக்கே கொண்டுசென்று பரீட்சிப்பார்கள். நாளுக்கு இரண்டு டொலரில் ஒரு வாரம் சீவித்துப் பார்ப்பதும் அவர்களுக்கு ஒரு பயிற்சி. (ஒரு வாரம் முடிந்ததும் அவர்கள் வழமைக்குத் திரும்பலாம். அது வேறு கதை.)

காடு பெரும்பாலும் அழிந்துபோன ஹெயிட்டி நாட்டில் அவர்கள் விறகுப் பிரச்சினையை எடுத்தார்கள். காய்ந்த கரும்புச் சக்கையை எண்ணெய்ப் பீப்பாவில் இட்டுக் கொளுத்தினார்கள். தீ நன்றாகப் பிடித்ததும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார்கள். சக்கை சாம்பலாகாமல் கரியாயிற்று. அதை நொறுக்கி, மரவள்ளிக் கஞ்சியில் பிசைந்து, கட்டியாக அழுத்திக் காயவைத்து அடுப்புக்கு எடுத்தார்கள். கஞ்சிக்குப் போகும் மரவள்ளி சாப்பாட்டுக்கும் வேண்டியதாயிற்றே என்று எமக்கும் தோன்றியது. மணி உதிர்த்த சோளப்பொத்தியை இதே பீப்பாவில் கரியாக்கியபோது கஞ்சியும் வேண்டியிருக்கவில்லை, அழுத்தும் பொறியும் வேண்டியிருக்கவில்லை. பொத்தி உருக்குலையாமல் அப்படியே கரிக்கட்டியாக வந்தது.