‘தெரியும்’ என்பதற்கு ஆங்கிலம் எது?



நற்சான்று எழுதித் தருவது தலைமையாசிரியரின் அலுவல்களுள் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற ஒருவன் எழுத்தர் பணிக்கு விண்ணப்பிக்க நற்சான்று வேண்டி வந்தான். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உடையவன். அதனைப் பாராட்டும் எண்ணத்துடனேயே, அவனுக்கு அம்மொழியில் ‘ஃபேர் நாலெட்ஜ்’ உண்டு என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ‘ஃபேர்’ என்றால் அழகிய, நேர்மையான என்னும் பொருள்களே என் மனத்தில் நின்றன. அறிவை அளந்து கூறுமிடத்து அச்சொல் ‘சுமார்’ என்றே பொருள்படும் என்பதை அவ்வமயம் எண்ணிப் பார்த்தேனில்லை. “உம் தலைமையாசிரியரே உம் ஆங்கிலம் சுமார் என்கிறாரே” என்று நேர்காணலில் கேட்டார்களாம். வேலை கிட்டவில்லை. அவன் என்னை ஒரு சொல்லும் நொந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருநோவாயிற்று.

‘ஸவுண்ட் நாலெட்ஜ்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பொருளில் அன்றாட வேலைக்குப் போதுமான அளவு தெரியுமாயின் ‘ஒர்க்கிங் நாலெட்ஜ்’ என்பது தக்க சொல். அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

நம் இடர்ப்பாட்டிற்கு வேறொரு காரணமும் உண்டு. விடை தெரியும், அவரைத் தெரியும், நீந்தத் தெரியும் என எல்லாவற்றிற்கும் தமிழில் ஒரு சொல்லே போதும். ஆகவே நம் மாணவர், ‘ஐ நோ ஸ்விம்மிங்’ என்று எழுதிவிடுகின்றனர். ‘ஐ கேன் ஸ்விம்’ என்பதே ஆங்கில வழக்கு; ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’ என்றாலும் பிழையில்லை. செய்தியை அறிவதும் செயலைச் செய்ய அறிவதும் வேறு வேறு என்பதை ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் கில்பர்ட் ரைல், 1949-இல் வெளிவந்த தம் தத்துவ நூலில் விரிவாக ஆராய்ந்தார். நீச்சலைப் பற்றி நூறு நூல் கற்றவனுக்கு ‘நாலெட்ஜ்’ உண்டு. ‘ஸ்கில்’ உண்டா என்பது ஆற்றில் இறங்கினால் தெரியும்! ‘ஸ்கில்’ பன்மை ஏற்கும், ‘நாலெட்ஜ்’ ஏற்காது.

‘எக்ஸ்பர்ட்’ என்பது முயன்று பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘எக்ஸ்பீரியன்ஸ்’, ‘எக்ஸ்பெரிமென்ட்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். அப்பட்டத்தைப் பிறர் நமக்குச் சூட்டலாம். விண்ணப்பத்தில் நாமே சூட்டிக்கொள்வது நகைப்பிற்கிடமாகும். நூலறிவு மிக்கவரை ‘லேர்னெட்’ என்க. ஈரசையாக ஒலித்தல் வேண்டும். அறுவை மருத்துவரை ‘லேர்னெட்’ என்று மட்டும் புகழ்ந்தால் நோயாளிக்கு என்ன ஆறுதல்? அங்கே ‘ஸ்கில்ஃபுல்’ வேண்டும்.

‘கன்னிங்’ என்னும் சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை. பண்டு அது அறிவையும் கைத்திறனையும் குறித்தது. இன்றோ பெரும்பாலும் சூதையே குறிக்கிறது. நம் ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து இறங்கிவிட்டதன்றோ? அத்தகைய வீழ்ச்சியே அது.

விண்ணப்பத்தில் கணினியைப் பற்றி எழுதுங்கால், ‘ப்ரொஃபிஷியன்ட் இன்’ என்றால் உடனே ஒரு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் தடுமாறாமல் செய்தல் வேண்டும். ‘ஃபெமிலியர் வித்’ என்றால், பழக்கமுண்டு, முன்பே கையாண்டதுண்டு என்ற அளவே. எழுதுமுன் இவ்விரண்டில் உங்களுக்கு உரியது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.