கரண்ட் போனால் கூடவே என்னென்ன போகும்?

மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை. 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா பக்கம் போய்த்தான் ஏறியது. ஆனால் அதற்கு முந்தைய நாள் கடலோரமாக நகர்ந்தபடி அது கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் நின்றன. அடுத்த சில நாள்கள் ஊரே தேடியது பால் பாக்கெட்டை. பாலுக்காக வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேரிடம் பேசிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராதவர்களும் அதில் இருந்தார்கள்.

புயலோ வெள்ளமோ, பெரும்பாலான வீடுகளுக்குள் கரண்ட் கட்டாகத்தான் நுழைகிறது. 2016-இல் வர்தா மரங்களைச் சாய்த்தபோதும் அப்படித்தான். 2018-இல் கஜா அடித்த டெல்டா கிராமங்களிலோ வாரக்கணக்கில் இருட்டு. அதனால் கயிறும் விசிலும் அடைத்து விற்கிற ‘எமர்ஜென்சி கிட்’ பைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்று நாள் கரண்ட் இல்லையென்றால் நம் வீட்டில் வேறு எதெல்லாம் நிற்கும் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதலில் நிற்பது தண்ணீர். மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. மெஷினும் ஓடாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் கேன் வண்டியும் வராது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்குக் கணக்குப் போட்டால் 20 லிட்டர் கேன் இரண்டு, மேலே கொஞ்சம். கழுவவும் கக்கூஸுக்கும் தனியாகப் பக்கெட், அண்டா, டிரம் எதுவானாலும் சரி. அடுக்ககங்களில் கரண்ட் போனதும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்து பிடிப்பார்கள், மேல் தொட்டி சீக்கிரமே காலி. ஆகவே பிடிப்பதை முன்பே பிடித்துவிட வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றைக்கே மேல் தொட்டியை நிரப்புங்கள். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அவ்வளவு மழையில், ஆபத்தைத் தவிர்க்க மின்வாரியமே முன்கூட்டி இணைப்பை நிறுத்திவிடுவதும் உண்டு.

இதில் ஒரு கண்ணி சம்ப்பு. தெருத் தண்ணீர் மூடியைத் தாண்டி உள்ளே இறங்கினால் அதோடு சாக்கடையும் இறங்கும். கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாராவது மோட்டாரைப் போட்டால் அத்தனையும் மேல் தொட்டிக்குப் போய், அங்கிருந்து எல்லா வீட்டுக் குழாய்க்கும் வந்துவிடும். சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை மோட்டார் சுவிட்சில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

அடுத்தது மருந்து. பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ஃபிரிட்ஜ் நின்றதும் பதறுவார்கள். அவ்வளவு பதற வேண்டியதில்லை. திறந்து உபயோகத்தில் இருக்கும் பாட்டிலோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எவ்வளவு என்பது உள்ளே மடித்துவைத்த தாளில் இருக்கும். ஐஸில் புதைத்துவைப்பதுதான் தப்பு, உறைந்த இன்சுலின் உதவாது. வீட்டில் ஆக்சிஜன் மெஷினை நம்பி இருப்பவர் உண்டென்றால், ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று மழைக்கு முன்பே விசாரித்துவையுங்கள். லிஃப்ட் நின்ற பிறகு ஐந்தாவது மாடியிலிருந்து அவரை இறக்குவது வேறு கதை.

செல்போன் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம், டீசலில் கொஞ்ச நேரம் ஓடும்; டீசல் கொண்டுபோக வழியில்லாதபோது நின்றுவிடும். பேச்சு போகாத நேரத்தில் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும். குடும்பத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் அழைத்துத் தவிப்பதைவிட, கோவையிலோ திருச்சியிலோ இருக்கிற ஒரு அத்தையிடம் தகவல் சொல்வதென்று முன்பே பேசிவைத்தால் நல்லது. அவர் நம்பரையும், 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, கேஸ் கசிவுக்கான 1906 ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். டவர் இல்லையென்றால் ஜிபேயும் இல்லை. வர்தா வந்தது பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன அடுத்த மாதம். கையில் சில்லறை இல்லாதவர்கள் பட்ட பாட்டை அன்றைய சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் வைத்திருங்கள். பத்திரங்களை ஜிப் கவரில் போட்டு பரண் மேல் ஏற்றிவிட்டு, ஆதாரையும் லைசென்ஸையும் டிஜிலாக்கரில் சேர்த்தால் போதும். மழை எச்சரிக்கை என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்களைப் பார்த்து ஊர் சிரித்தது. எனக்கு அது நல்ல புத்தியாகத்தான் பட்டது.

கரண்ட் இருக்கும்போதும் ஒரு ஆபத்து உண்டு. தண்ணீர் வாசற்படியை நெருங்கினால் மெயினை அணைக்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு ஒயரில் கரண்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆகவே அதையும் அணையுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியை ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவையுங்கள். கேஸ் வாடை வந்தால் இதற்கு நேர்மாறு: எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள். மெயின், இன்வெர்ட்டர் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் அன்றைக்கு ஆபீஸில் இருப்பார். மாமியாருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு ஒன்பதுவரை இருந்து பாருங்கள். டார்ச் எங்கே, அதில் செல் இருக்கிறதா, குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். கிரிக்கெட் மேட்ச் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.